மொட்டை மாடியில் ஓர் ஆய்வுக்கூடம்

(அம்பத்தூரில் மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குள் நுழைந்தாலும் கண்ணில் படுபவை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. களிமண் எரிமலை, தெர்மாகோல் வீடு, மோட்டார் வைத்த காற்றாலை, கம்பியில் தொங்கும் சூரியக் குடும்பம். பாதிப் பொருள்கள் ஸ்டேஷனரி கடையில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அப்பா வாங்கி வருகிறார், அம்மா வண்ணம் தீட்டுகிறார், பிள்ளை நான்கு வரியை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. பெற்றோரின் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை முடிந்து களைத்து வந்தும் இரவு பத்து மணிக்கு அட்டை வெட்டுகிறார்கள். ஆனால் அந்த உழைப்பின் முடிவில் பிள்ளை தானாகத் தெரிந்துகொண்டது என்ன என்று கேட்டால் பதில் இருப்பதில்லை.

நான் வலியுறுத்த வந்தது இதுதான்: அறிவியல் செயல்திட்டத்துக்கு ஒரு கேள்வி வேண்டும், ஓர் அளவீடு வேண்டும், அதை நாள் தவறாமல் எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஐம்பது ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். இவை இல்லையென்றால் ஐயாயிரம் ரூபாய் செலவழித்தாலும் அது அலங்காரப் பொருள்தான்.

முதலில் அந்த எரிமலையையே எடுத்துக்கொள்வோம். வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்து நுரை பொங்குகிறது. அது கார்பன் டை ஆக்சைடு வாயு. உண்மையான எரிமலையில் உருகிய பாறைக் குழம்புக்குள் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் அழுத்தம் குறைந்ததும் விரிந்து, குழம்பை மேலே தள்ளுகின்றன. அங்கே அமிலமும் இல்லை, சோடாவும் இல்லை. ஆக, அந்தக் களிமண் மாதிரி, எரிமலையைப் பற்றி எதையும் சொல்லித் தருவதில்லை. ஆனால் அதே வினிகரையும் சோடாவையும் வைத்து நல்ல ஆய்வு ஒன்று செய்யலாம். ஒரு பாட்டிலில் 100 மில்லி வினிகர் ஊற்றுங்கள். பலூனுக்குள் அரை ஸ்பூன் சோடா போட்டு, பாட்டில் வாயில் மாட்டி, பலூனை நிமிர்த்துங்கள். சோடா கொட்டும், பலூன் ஊதும். நூலால் அதன் சுற்றளவை அளந்து எழுதுங்கள். வினிகரின் அளவை மாற்றாமல் ஒரு ஸ்பூன், ஒன்றரை ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று சோடாவைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓர் அளவைத் தாண்டியதும் பலூன் மேலும் பெருப்பது நின்றுவிடும். ஏன் நின்றது? சோடா மிச்சம் இருக்கிறதா, வினிகர் தீர்ந்துவிட்டதா? இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். வேதிவினையில் எந்தப் பொருள் முதலில் தீர்கிறதோ அதுதான் விளைபொருளின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது மேல்நிலை வகுப்புப் பாடம். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை ஒரு பலூனில் கண்டுபிடித்துவிடலாம். பொருளும் செலவும் பழையவைதான். புதிதாக வந்தது கேள்வியும் நூலும் மட்டும்.

வீட்டுச் சமையலறையில் உண்மையான அறிவியல் நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1862-இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டில் பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. பாத்திரம் கழுவும்போது எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் தண்ணீரின் மேற்பரப்பை என்ன செய்கின்றன என்று கவனித்தார். ஒரு தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகரப் பட்டை, தராசில் தொங்கும் ஒரு பொத்தான், இவ்வளவுதான் அவர் கருவி. நீர்ப்பரப்பிலிருந்து பொத்தானைப் பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். 1891-இல் தன் முடிவுகளை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதைப் படித்து வியந்து ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்ப, அதே ஆண்டு மார்ச்சில் அச்சானது. பின்னாளில் இர்விங் லாங்மூர் நோபல் பரிசு பெற்ற பரப்பு வேதியியலுக்கு அந்தத் தகரத் தொட்டி முன்னோடி. இன்று நீங்கள் ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் இங்க் ஃபில்லரால் எத்தனை சொட்டுத் தண்ணீர் வழியாமல் நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு தண்ணீரில் துளி சோப்பு கலந்து மறுபடி எண்ணுங்கள். பாக்கெல்ஸ் கேட்ட கேள்வியையே நீங்களும் கேட்கிறீர்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பகுதியின் மிகப் பெரிய அறிவியல் கேள்வி தண்ணீர். ஒரே வீட்டில் போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், கேன் தண்ணீர், கோடையில் லாரி தண்ணீர் என்று நான்கு விதம் புழங்குகிறோம். குளித்தால் சோப்பு நுரைக்கவில்லை, தலைமுடி சிக்குகிறது, குழாய் முனையில் வெள்ளையாகப் பூக்கிறது, ஹீட்டர் காயில் உப்புப் படிந்து கெட்டுப்போகிறது என்று தினமும் பேசுகிறோம். ஆனால் அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அளக்க வழி எளிது. குளியல் சோப்பைக் கொஞ்சம் துருவி, உப்பில்லாத தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் கட்டி வேண்டாம். அது கடின நீரிலும் நுரைத்துவிடும். உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது? ஏ.சி.யின் குழாயிலிருந்து சொட்டுவதைப் பிடியுங்கள், அல்லது மழை பெய்து கொஞ்ச நேரம் ஆனபின் திறந்த வெளியில் நேரடியாகப் பிடித்த மழைநீரை எடுங்கள். ஒரே அளவுள்ள பாட்டில்களில் தலா 50 மில்லி போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், கேன் தண்ணீர், மழைநீர் ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை இரண்டு நிமிடம் கலையாமல் நின்றால் அதுவரை விட்ட சொட்டுகளை எழுதுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மழைநீர் சில சொட்டுகளிலேயே நுரைத்துவிடும். போர் தண்ணீர் சோப்பை விழுங்கிக்கொண்டே இருக்கும், நுரைக்குப் பதிலாக வெள்ளைத் திரி மிதக்கும். அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதால் வருவது அது.

இத்தோடு நிறுத்தாதீர்கள். போர் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தெளிந்த நீரை எடுத்து மறுபடி எண்ணுங்கள். சொட்டு குறைந்தால், குறைந்த அளவு தற்காலிகக் கடினத்தன்மை. கொதித்ததில் பைகார்பனேட் உப்புகள் சிதைந்து பாத்திரத்தின் அடியில் படிந்துவிட்டன. மீதி நிரந்தரக் கடினத்தன்மை. பாடப்புத்தகத்தின் இரண்டு சொற்கள் உங்கள் வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு எண்களாக வெளியே வரும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. சொட்டு எண்ணிக்கை நேரடியாக மில்லிகிராமைச் சொல்லாது, ஒப்பீட்டைத்தான் சொல்லும். இந்த அளவுமுறையின் வரம்பையும் அறிக்கையில் நேர்மையாக எழுத வேண்டும்.

இதை ஒரு தெரு முழுவதற்கும் விரித்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு போய், “அங்கிள், உங்க போர் எத்தனை அடி?” என்று கேட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வாருங்கள். ஆழம் கூடக் கூட உப்பு கூடுகிறதா, குறைகிறதா? கொரட்டூர் ஏரிக்கோ அம்பத்தூர் ஏரிக்கோ ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கோ அருகில் உள்ள வீடுகளுக்கும் தள்ளியுள்ள வீடுகளுக்கும் வேறுபாடு உண்டா? மே மாதம் எடுத்ததும் பருவமழை முடிந்தபின் டிசம்பரில் எடுத்ததும் ஒத்துப்போகின்றனவா? உங்கள் தெருவின் விடை எந்தப் புத்தகத்திலும் அச்சாகியிருக்காது. உங்கள் நோட்டுதான் முதல் புத்தகம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால், பத்து நிமிடத்தில் வரும் நல்ல தண்ணீரை ஒரு பாத்திரத்திலும், குழாய் வழியே வெளியேறும் கழிவு நீரை இன்னொன்றிலும் பிடித்து அளந்து பாருங்கள். பெற்றோருக்கே அதிர்ச்சியாக இருக்கும்.

அடுத்தது வெயில். நம்மிடம் தாராளமாக இருப்பது அதுதான். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்துங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் நேராக நிற்கிறதா என்று தெரியும். காலை 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். அது 12 மணிக்கு அநேகமாக வராது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கணக்காகக் கொண்டது. நாம் அதற்கு மேற்கே இரண்டேகால் பாகைக்கும் சற்று அதிகமாகத் தள்ளி இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சுமார் ஒன்பது நிமிடம் பின்தங்குகிறோம். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இதிலும் ஆண்டு முழுக்க ஏற்ற இறக்கம் உண்டு. பிப்ரவரி நடுவில் நம் நண்பகல் 12.23 வாக்கில் வரும், நவம்பர் தொடக்கத்திலோ 11.53-க்கே வந்துவிடும். ஒரு குச்சியும் சாக்பீஸும் இதைக் காட்டிவிடும்.

டிசம்பர் 21 அன்று அந்த ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் சுமார் 74 சென்டிமீட்டர் நீளத்தில் வடக்கே விழும். ஜூன் 21 அன்று 18 சென்டிமீட்டர்தான், அதுவும் தெற்கே விழும். நிழல் தெற்கே விழுமா என்று பெரியவர்களே கேட்பார்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று நண்பகலில் குச்சிக்கு நிழலே இராது. இடைப்பட்ட நாள்களில் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே சாய்கிறது.

இந்த நிழலில்லா நாளில் பூமியையே அளக்கலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் செய்த கணக்குதான். ஏப்ரல் 24 அன்று நீங்கள் இங்கே குச்சி நடும்போது, கன்னியாகுமரியில் ஒரு மாமாவோ சித்தியோ இருந்தால் அவர்களையும் ஒரு மீட்டர் குச்சி நடச் சொல்லுங்கள். அவரவர் ஊர் நண்பகலில் அளக்க வேண்டும். இங்கே நிழல் இல்லை. அங்கே சுமார் எட்டரை, ஒன்பது சென்டிமீட்டர் இருக்கும். அதிலிருந்து கோணத்தை வரைந்து பார்த்தால் ஏறத்தாழ ஐந்து பாகை. வரைபடத்தில் இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு–தெற்குத் தொலைவை மட்டும் அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர். சாலைத் தொலைவை எடுத்தால் கணக்கு தப்பும். ஐந்து பாகைக்கு 555 என்றால் 360 பாகைக்கு 72 மடங்கு, அதாவது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு! செலவு இரண்டு குச்சியும் ஒரு செல்பேசி அழைப்பும். எனக்குத் தெரிந்த பள்ளிச் செயல்திட்டங்களில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் வரும் நீலச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் செந்நிறமாகும், சோப்பு நீர் விட்டால் பச்சையாகும். மஞ்சள் தடவிய தாளில் சோப்பு நீர் பட்டால் குங்கும நிறம் வரும். அமிலம், காரம் பார்க்க இவை போதும். ஒரே மாதிரி இரண்டு தகர டப்பாக்களில் ஒன்றின் மேல் சுண்ணாம்பு அடித்து வெயிலில் வைத்து, உள்ளே வெப்பத்தை அளந்தால், மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது எவ்வளவு பயன் தரும் என்று தெரியும். வெள்ளை அட்டையில் வாஸ்லின் தடவி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பார்த்த ஜன்னலிலும் உள்தெரு ஜன்னலிலும் ஒரு நாள் தொங்கவிட்டு, ஒட்டிய தூசியை லென்ஸால் எண்ணலாம். தெருவில் கொசு முட்டையிடும் இடங்களைக் கணக்கெடுக்கலாம். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஃபிரிட்ஜ் பின்தட்டு என்று எழுதிக்கொண்டு, பார்த்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் மறக்கக் கூடாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்து, கிராமத்துப் பிள்ளைகளோடு இருந்தபோது உருவாக்கியவை அந்தத் தீக்குச்சி மாதிரிகள். வால்வ் டியூப்பைத் துண்டாக்கி, அதில் குச்சிகளைச் செருகிச் சதுரம் செய்தால் ஒரு தட்டில் சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி போட்டால் அதுவும் நிமிர்ந்து நிற்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஷெட் கூரைகளில் ஏன் முக்கோண முக்கோணமாக இரும்பு போகிறது என்பதற்கு அதில் விடை இருக்கிறது. சைக்கிளுக்குப் பேர்போன ஊரில் வால்வ் டியூப்புக்குப் பஞ்சமில்லை. 2018-இல் குப்தாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குப்பையிலிருந்து அவர் செய்த பொம்மைகளை விரும்பியவர்கள் எல்லோரும் செய்துபார்க்கும்படி இலவசமாகவே தந்துவிட்டார்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியில் பேச முடியாது. 2015 டிசம்பர் 1 அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த வெள்ளத்தை இங்கே பலர் நேரில் கண்டவர்கள். ஆனால் ‘47 சென்டிமீட்டர்’ என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குப் புரிய, அவர்களே அளந்து பார்க்க வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல்போல உள்ளே செருகுங்கள். அடியில் உள்ள குழிகள் மறையும்வரை கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். வானிலைத் துறை அளப்பதுபோல் தினமும் காலை 8.30-க்கு எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடியில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் 550 லிட்டருக்கும் மேல். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அப்படியானால் அந்த மாடியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 78,000 லிட்டர் விழுகிறது, 12,000 லிட்டர் லாரி ஆறரை! 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு ஏன் கட்டாயமானது என்று இந்த ஒரு பெருக்கல் விளக்கிவிடும். அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என்று ஊருக்கு ஐந்து பிள்ளைகள் பாட்டில் வைத்தால், ஒரே நாள் மழை பக்கத்து ஊர்களுக்குள் எப்படி மாறுகிறது என்று வரைபடமே போடலாம்.

பெற்றோருக்குச் சில எச்சரிக்கைகள். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் கலக்க விடாதீர்கள், குளோரின் வாயு வரும். வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டாம், டார்ச் பேட்டரி போதும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, லென்ஸ் வழியாகப் பார்க்கவே கூடாது. ஏரிக்கரைக்குப் பெரியவர் துணையில்லாமல் அனுப்பாதீர்கள். பட்டாசு மருந்து எந்தச் செயல்திட்டத்துக்கும் தேவையில்லை.

இப்படிச் செய்தவற்றை எங்கே கொண்டுபோவது? தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இல் தொடங்கப்பட்டது. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தாய்மொழியிலேயே ஆராய்ந்து அறிக்கை தருவதுதான் அதன் நோக்கம். அங்கே நாட்குறிப்பு நோட்டும் பார்க்கப்படும். தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராக எடுத்துச் சென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1987 முதல் வரும் அவர்களுடைய ‘துளிர்’ மாத இதழ் ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகளுக்காக 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், எளிய கருவிகளோடு பள்ளிகளுக்கே சோதனைகளைக் கொண்டுவருகிறது. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் யோசனைக்குப் பத்தாயிரம் ரூபாய் தருகிறார்கள். பள்ளியின் வழியாகத்தான் பெயர் போக வேண்டும். தலைமையாசிரியரைப் பிள்ளைகளே கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாணவர்களே, உங்கள் எண் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை அழிக்காதீர்கள். அப்படியே எழுதி, ஏன் மாறியது என்று மறுபடி அளந்து பாருங்கள். மதிப்பீட்டாளர் உங்களிடம் தேட வேண்டியது அதைத்தான்.

ஆசிரியர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பே தேதி சொல்லுங்கள். ஒரு வாரத்தில் தயாராகச் சொன்னால் பிள்ளை கடைக்குத்தான் போகும், அளந்துகொண்டிருக்க அதற்கு நாள் இருக்காது. மேசையில் மாதிரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சுற்றறிக்கையிலேயே எழுதுங்கள். நடுவர்களிடம், முதலில் நோட்டைத் திறந்து தேதியையும் எண்களையும் பார்த்துவிட்டு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இதை ஒரே ஓர் ஆண்டு உறுதியாகச் செய்தால், நம் பகுதிப் பள்ளிகளில் தெர்மாகோல் விற்பனை குறையும், பிள்ளைகள் அளக்கத் தொடங்குவார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஒரு பாட்டில் வைத்துவிடுங்கள்.